விடை தெரிந்த கேள்விகளோடு தொடங்குங்கள்: புதிய தேடுகருவிகளையும் உலாவி நீட்சிகளையும் சோதிக்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான்கு கணினிகளோடு நான் நடத்திவரும் இணைய சேவை மையத்துக்கு, வாரத்துக்கு ஒருவராவது ஏதேனும் ஒரு புதிய தேடுகருவியின் பெயரையோ உலாவி நீட்சியின் (உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரலான ‘எக்ஸ்டென்ஷன்’) பெயரையோ சொல்லிக்கொண்டு வந்து, “அண்ணா, இதைப் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். போட்டுப் பார்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் பெரும்பாலோர் ஒரு கருவியை நிறுவியவுடன், அந்த நேரத்தில் மனத்தில் தோன்றிய கேள்வி ஒன்றை அதில் தட்டி, வரும் பக்கம் கண்ணுக்கு நன்றாக இருந்தால் கருவியும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை என்னவென்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே கிடைத்தது சரியா தவறா என்று சொல்லவும் அவர்களால் இயலாது. நீட்சிகளின் கதையோ இன்னும் மோசம்: அது என்ன தருகிறது என்பதைப் பார்க்கிறார்களே தவிர, என்ன எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பிடிஎஃப் கோப்பை வேர்டு கோப்பாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு நீட்சியை, வாடிக்கையாளர் ஒருவரின் அவசரத்துக்காக, என் சொந்தக் கணக்கு திறந்திருந்த உலாவியிலேயே நிறுவினேன். கோப்பு மாறியது, வேலையும் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, முகவரிப் பட்டையில் எதைத் தட்டினாலும், அதுவரை நான் பார்த்திராத ஒரு தேடல் பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் விடை வந்தது. முதல் ஐந்தாறு வரிகளை விளம்பரங்களே நிரப்பின. வீட்டு மடிக்கணினியைத் திறந்தால் அங்கும் அதே நிலைமை. ஒரே கணக்கில் ஒத்திசைவு இயங்கியதால், கடையில் போட்ட நீட்சி என்னைக் கேட்காமலேயே வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்காக நான் வகுத்துக்கொண்ட முறையையே இங்கே எழுதுகிறேன்.

சோதனைக்கு ஒரு தனி அறை

எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்பும், உலாவியில் சோதனைக்கென்றே ஒரு தனிச் சுயவிவரத்தை, அதாவது ப்ரொஃபைலை, உருவாக்கிக்கொள்ளுங்கள். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கினால் புதிய சுயவிவரம் சேர்க்கும் வசதி தெரியும். அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கணக்கு இல்லாமல் தொடரும் வழியைத் தேர்ந்தெடுத்து, ‘சோதனை’ என்று பெயரிட்டு, கண்ணை உறுத்தும் ஒரு நிறத்தையும் கொடுத்துவிடுங்கள். நான் ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறேன். ஆரஞ்சுச் சாளரத்தில் வங்கிப் பக்கத்தைத் திறக்கக் கை போனால் மனம் தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் ‘ப்ரொஃபைல்ஸ்’ என்ற சொல்லையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டினால் சுயவிவரங்களின் பக்கம் திறக்கும். அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கித் தனிச் சாளரத்தில் தொடங்கலாம்.

ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனித்தனியாகக் குக்கிகள் (தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்), சேமித்த கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்களின் வரலாறு, நீட்சிகள் ஆகியவை இருப்பதால், ஒன்றில் நிறுவிய நீட்சி மற்றொன்றில் உள்ளவற்றைப் பார்க்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் கன்டெய்னர் என்றொரு வசதி உண்டு. அது குக்கிகளைப் பிரித்து வைப்பதில் சிறந்தது என்றாலும், நீட்சிகள் எல்லாக் கன்டெய்னர்களிலும் இயங்கும் என்பதால், நீட்சியைச் சோதிப்பதற்கு அது போதாது. மறைநிலைச் சாளரமும் அப்படித்தான்: நீட்சிகள் அங்கே நாம் தனியாக அனுமதித்தாலன்றி இயங்கா, அனுமதித்துவிட்டாலோ அவை நம் வழக்கமான சுயவிவரத்தில் உட்கார்ந்திருக்கும் அதே நீட்சிகள்தான்.

இந்தச் சுவருக்கும் ஓர் எல்லை உண்டு. உலாவிக்குள் இயங்கும் நீட்சியைத்தான் சுயவிவரம் அடைத்து வைக்கும்; ‘முதலில் இந்த நிரலை இறக்கி நிறுவுங்கள்’ என்று ஓர் எக்ஸ்இ கோப்பை நீட்டும் கருவியை அது அடைக்காது. அத்தகைய கோப்பைக் கேட்கும் தேடுகருவியை நான் சோதிப்பதே இல்லை. ஆதார் எண்ணும் தேர்வு விண்ணப்பங்களும் பிறருடைய சான்றிதழ்களும் நாள்தோறும் புழங்கும் கணினியில் அந்தத் துணிச்சல் எவருக்கும் கூடாது.

கைப்பேசியில் மட்டும் இணையம் பார்ப்பவர்கள் நீட்சி சோதிக்க விரும்பினால், ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் அது நீட்சிகளை உருவாக்குவோர் எல்லாருக்கும் பரவலாகக் கதவைத் திறந்துவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வசதி இல்லை.

நீட்சி கேட்கும் அனுமதியைப் படிப்பது

நீட்சியை நிறுவும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி, அதற்கு என்னென்ன அனுமதிகள் வேண்டும் என்று காட்டும். பலர் அதைப் பேருந்துச் சீட்டின் பின்புறம் அச்சிட்டதைப் போலப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்’ என்ற பொருளில் வரும் வரிதான் அவற்றுள் முக்கியமானது. அதற்கு ஒப்புதல் தந்தால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் எழுத்தையும், நீங்கள் படிவத்தில் நிரப்புவதையும் அந்த நீட்சி பார்க்க முடியும். பக்கத்தில் இருப்பதை மாற்றிக் காட்டவும் முடியும்.

அந்த வரி தென்பட்டதுமே நீட்சி தீயது என்று பொருளில்லை. விளம்பரத் தடுப்பான் எல்லாத் தளங்களிலும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் அதைக் கேட்டே ஆக வேண்டும். பக்கத்தை மொழிபெயர்க்கும் நீட்சியும் அவ்வாறே. ஆனால் கூகுள் தேடல் முடிவுகளுக்குப் பக்கத்தில் வேறொரு பொறியின் முடிவுகளையும் சேர்த்துக் காட்டுவது மட்டுமே தன் வேலை என்று சொல்லும் நீட்சிக்கு, கூகுளின் தேடல் பக்கம் ஒன்றுக்கான அனுமதி போதும். அது எல்லாத் தளங்களையும் கேட்டால், ஏன் என்று அதன் விளக்கப் பக்கத்தில் தேடுங்கள். காரணம் எழுதப்படவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் இடையிலான இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பது, நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும். நட்சத்திரங்களைக் காசு கொடுத்தும் வாங்கலாம்.

குரோமில் இன்னொரு பிடி நம் கையில் இருக்கிறது. புதிர்த் துண்டு போன்ற குறியைச் சொடுக்கி, குறிப்பிட்ட நீட்சியின் அமைப்புகளுக்குள் சென்றால், அது எல்லாத் தளங்களிலும் இயங்கலாமா, நாம் சொல்லும் தளங்களில் மட்டுமா, அல்லது அதன் குறியை நாம் சொடுக்கும்போது மட்டுமா என்று வரையறுக்கலாம். நான் சோதிக்கும் ஒவ்வொன்றையும் முதல் வாரம் ‘சொடுக்கும்போது மட்டும்’ என்ற நிலையிலேயே வைக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸின் நீட்சிக் களஞ்சியத்தில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற முத்திரை உள்ளவை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் ஊழியர்களின் பரிசீலனையைக் கடந்தவை என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

நீட்சி இன்று நல்லதாக இருப்பது நாளைக்கும் நல்லதாக இருக்கும் என்பதற்குப் பொறுப்பல்ல. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்சியைப் பல லட்சம் பேர் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாகப் பயன்படுத்தினார்கள்; 2020இல் அது கைமாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் நிரல் அதில் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. இணையதளங்களின் தோற்றத்தை மாற்றப் பயன்பட்ட ‘ஸ்டைலிஷ்’, பயனர்கள் பார்க்கும் பக்கங்களின் வரலாற்றைச் சேகரிப்பது 2018இல் வெளிப்பட்டதும் களஞ்சியங்களிலிருந்து அகற்றப்பட்டது. 2024 டிசம்பரில் ‘சைபர்ஹேவன்’ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சிக்கே, அதன் ஊழியர் ஒருவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றிப் பெற்ற அணுகல் வழியாக, நச்சு நிரல் ஏற்றிய புதிய பதிப்பு ஒன்றைத் திருடர்கள் வெளியிட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவானது ஒன்று உண்டு. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. புதிய பதிப்பு கூடுதலான அனுமதியைக் கேட்டால் உலாவி நம்மிடம் மீண்டும் ஒப்புதல் கேட்கும். ஆனால் எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதியை முதல் நாளே கொடுத்துவிட்ட நீட்சிக்கு, புதிதாகக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை, ஆகவே உள்ளே நிரல் முழுவதும் மாறினாலும் நமக்கு ஓர் அறிவிப்பும் வராது. அகலமான அனுமதியைத் தொடக்கத்திலேயே மறுப்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இன்னும் களஞ்சியத்துக்கு வராத, நிரலாளர்கள் தம் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மட்டும் கிடைக்கும் சோதனை நீட்சிகளை முயலவும் வழி உண்டு. குரோமின் நீட்சிகள் பக்கத்தில் ‘டெவலப்பர் மோடு’ என்ற பொத்தானை இயக்கினால், கணினியில் இறக்கி வைத்த கோப்புறையை நேரடியாக ஏற்றலாம். அப்படி ஏற்றியது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஃபயர்ஃபாக்ஸில் தற்காலிகமாக ஏற்றும் நீட்சி உலாவியை மூடியதும் போய்விடுகிறது. சோதனைக்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. குரோமில் பழைய நீட்சிகள் சில காணாமல் போனதைப் பார்த்துச் சிலர் கணினியைச் சந்தேகிக்கிறார்கள்: நீட்சிகள் எழுதப்படும் முறையை மாற்றிய கூகுள், பழைய முறையிலானவற்றை 2024 முதல் படிப்படியாக முடக்கி 2025இல் கைவிட்டது. ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் நின்றுபோனதும் ஃபயர்ஃபாக்ஸில் தொடர்வதும் இதனால்தான்.

தேடுகருவி யாரிடம் கடன் வாங்குகிறது

தேடுகருவிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, அவை தங்கள் முடிவுகளை எங்கிருந்து பெறுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரே கடையின் சரக்கை இரண்டு பைகளில் வாங்கி ஒப்பிட்டவர்கள் ஆவோம். கூகுள், பிங், பிரேவ், பிரிட்டனின் மோஜீக் ஆகியவை இணையப் பக்கங்களைத் தாமே திரட்டிச் சொந்தமாக அட்டவணை வைத்திருக்கின்றன. டக்டக்கோ தன் இணைப்புகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்தும், ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்தும் பெறுகின்றன. ‘சியர்எக்ஸ்என்ஜி’ போன்ற கூட்டுத் தேடுகருவிகள் ஒரே கேள்வியைப் பல பொறிகளுக்கு அனுப்பி முடிவுகளைச் சேர்த்துத் தருகின்றன; தன்னார்வலர்கள் நடத்தும் பொதுத் தளங்களில் இதைப் பயன்படுத்தும்போது, நம் கேள்விகளை அந்தத் தளத்தை நடத்துபவர் பார்க்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. சுவீடனிலிருந்து ஒருவர் தொடங்கி நடத்திவரும் ‘மார்ஜினேலியா’, எழுத்து மிகுந்த, விளம்பரம் குறைந்த சிறு தளங்களை முன்னிறுத்துகிறது. முதன்மையாக ஆங்கிலத்துக்கானது என்றாலும், பெரும்பொறிகள் எதையெல்லாம் நமக்குக் காட்டுவதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுதை அதில் செலவிடலாம்.

பிரேவ் தேடலில் 2022இல் வந்த ‘காகிள்ஸ்’ என்ற வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தத் தளங்களை மேலே தூக்க வேண்டும், எவற்றை ஒதுக்க வேண்டும் என்ற விதிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக நாமே எழுதி, முடிவுகளின் வரிசையை மாற்றலாம். ஒரே செய்தியைப் படியெடுத்து வெளியிடும் தளங்களை ஒதுக்கி நான் எழுதிக்கொண்ட பத்து வரிகள், பல நீட்சிகள் செய்யாத உதவியைச் செய்தன. கட்டணத் தேடுகருவியான ‘ககி’, 100 தேடல்கள்வரை இலவசமாகச் சோதிக்க விடுகிறது; அவற்றை வேடிக்கைக்காகக் கரைத்துவிடாமல், கீழே சொல்லும் கேள்விகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

ஒரு கருவியைச் சோதிக்க அதையே இயல்புத் தேடுபொறியாக மாற்றத் தேவையில்லை. குரோமின் அமைப்புகளில் தேடுபொறிகளை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்றால், தளத் தேடலுக்கு ஒரு குறுக்குச்சொல்லைச் சேர்க்கலாம். புதிய தேடுகருவியில் ‘மீன்’ என்று ஒரு முறை தேடி, வரும் முகவரியை அப்படியே நகலெடுத்து, அதில் ‘மீன்’ இருந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியையும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய ‘எஸ்’ எழுத்தையும் வைத்துச் சேமித்துவிடுங்கள். தமிழ்ச் சொல் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீளமாக மாறித் தெரியலாம். அந்தத் தொடர் முழுவதையும் நீக்க வேண்டும். பின்னர் முகவரிப் பட்டையில் குறுக்குச்சொல்லைத் தட்டி இடைவெளி விட்டுக் கேள்வியை எழுதினால், அந்தக் கருவிக்கு மட்டும் கேள்வி போகும். இதைச் செய்யத் தெரிந்தால், ‘பத்துத் தேடுபொறிகள் ஒரே சொடுக்கில்’ என்று விளம்பரம் செய்யும் நீட்சிகளில் பாதி தேவையற்றுப் போய்விடும்.

கேள்விகளை எழுதி வைத்தல்

சோதனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கருவியைத் திறப்பதற்கு முன்பே, ஒரு நோட்டில் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். அவற்றில் ஏழெட்டுக்காவது விடை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊரைப் பற்றிய கேள்விகள் இதற்கு மிகப் பொருத்தமானவை, ஏனெனில் உலகம் அதிகம் எழுதாத, ஆனால் நீங்கள் நேரில் அறிந்த செய்திகள் அங்கேதான் இருக்கின்றன. என் நோட்டில் உள்ளவற்றுள் சிலவற்றையும், ஒவ்வொன்றும் எதைச் சோதிக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

‘புதுச்சேரி எப்போது இந்தியாவுடன் இணைந்தது?’ என்பது முதல் கேள்வி. எளிதாகத் தோன்றும் இதற்கு இரண்டு தேதிகள் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். அதையடுத்து அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது; இது முதல் தேதி. சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. நல்ல கருவி இரண்டு தேதிகளையும் அவற்றின் வேறுபாட்டையும் காட்டும் பக்கத்தை மேலே கொண்டுவரும். ஒரே தேதியைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மற்றதைப் பற்றி மூச்சு விடாத கருவிக்குப் பாதி மதிப்பெண். 1947 என்று சொல்லும் கருவிக்கு என் நோட்டில் அதற்கு மேல் பக்கம் இல்லை.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். கடலூர், நீலகிரியின் கூடலூர், தேனி மாவட்டத்தின் கூடலூர் ஆகிய மூன்றையும் ஒரு கருவி பிரித்தறிகிறதா என்று, ‘கூடலூர் பேருந்து’ எனக் கேட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, நாம் கேட்காத ஊருக்கு நம்மை அனுப்பிவைக்கும் கருவிகள் உண்டு. உள்ளூர் வழக்கையும் இதோடு சேர்த்துச் சோதிக்கலாம்: கடலூர்க்காரர்கள் ஓ.டி. என்றால் முதுநகர், என்.டி. என்றால் புதுநகர். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையமும் முதுநகர்ப் பக்கம் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பும் வேறுவேறு என்பது தெரியாத கருவியை நம்பி ஒருவர் கிளம்பினால், வண்டி ஓரிடத்திலும் அவர் ஓரிடத்திலுமாக நிற்பார்.

மூன்றாவது, ஒரே ஊரின் பல பெயர்கள். புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, பாண்டி என்ற நான்கில் எதைத் தட்டினாலும் கருவி ஒரே இடத்தை உணர்கிறதா? ஆங்கிலத்தில் அதிகாரப்பூர்வப் பெயர் மாறியது 2006இல். அதற்கு முந்தைய ஆவணங்கள் பழைய பெயரில்தான் கிடைக்கும், பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கிடைக்கும். பழைய செய்தி தேடுபவர் மூன்று எழுத்துக்கூட்டல்களிலும் தேடியாக வேண்டும்; அந்த வேலையைக் கருவியே செய்துவிடுகிறது என்றால் அது பெரிய வரவு.

நான்காவது கேள்வி தமிழுக்கே உரியது. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன: அரிக்கமேடு, ‘அரிக்கமேட்டில்’ ஆகிறது, கடலூர், ‘கடலூரில்’ ஆகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு இவை வெவ்வேறு சொற்கள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியும், ‘ரி’ என்பது ரகரமும் இகரக் குறியும் என்பதால், ‘கடலூர்’ என்று தேடும்போது ‘கடலூரில்’ என்பதன் முற்பகுதிகூடப் பொருந்துவதில்லை. ஆகவே ஒரே கேள்வியை இரண்டு வடிவங்களிலும் தட்டி, முதல் பத்து முடிவுகளில் எத்தனை பொதுவாக உள்ளன என்று எண்ணுங்கள். பக்கத்துக்குள் தேடும் நீட்சிகளைச் சோதிக்கும்போதும் இதையே செய்யுங்கள். அவை தடுமாறினால், கடைசி எழுத்தை விட்டுவிட்டுக் ‘கடலூ’ என்று மட்டும் தட்டினால் இரண்டும் அகப்படும்.

ஐந்தாவது, ஆழம். அரிக்கமேட்டு அகழாய்வு என்றவுடன் 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலரின் பெயர் எல்லாக் கருவியிலும் வந்துவிடும். அவருக்குப் பின் 1947 முதல் 1950வரை பணியாற்றிய ழான்-மரி கசால், 1989 முதல் 1992வரை மீண்டும் அகழ்ந்து பழைய முடிவுகள் பலவற்றைத் திருத்திய விமலா பெக்லி ஆகியோரை முதல் பக்கத்திலேயே காட்டும் கருவி எது என்பதுதான் கேள்வி. கல்லூரி மாணவி ஒருவர் திட்டக் கட்டுரைக்காக என் கடையில் மூன்று கருவிகளில் இதைத் தேடியபோது, பார்வைக்கு எளிமையாக இருந்த கருவியே பெக்லியை முதலில் காட்டியது; பளபளப்பான மற்ற இரண்டும் வீலரோடு நின்றுவிட்டன.

ஆறாவது, புதுமை. ‘புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல்’ என்று கேட்டால், 2011 டிசம்பர் 30 அன்று கடலூரையும் புதுவையையும் உலுக்கிய ‘தானே’ புயல் மட்டும் வருகிறதா, 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சலும் வருகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு கருவி பழைய எச்சரிக்கையைப் புதியதுபோல மேலே காட்டினால், அதைக் கடலோர ஊரில் வைத்துக்கொள்வதால் பயனில்லை.

யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறைகளில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் பிடிஎஃப்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் காணோம் என்று கருவியைக் குறை சொல்வதற்கு முன்பு, கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்தால், தேடுபொறி பார்ப்பதும் அந்தக் குவியலைத்தான்.

எல்லாக் கருவிகளிலும் ஒரே நாளில், ஒரே சுயவிவரத்தில், கணக்கில் உள்நுழையாமல் கேளுங்கள். என் இணைய இணைப்பைப் பல தளங்கள் சென்னை என்றே கணிக்கின்றன. எனவே ‘அருகில் உள்ள’ என்று தொடங்கும் கேள்விகளில் தோல்வியைக் கருவியின் கணக்கில் எழுதாமல், ஊர்ப்பெயரைச் சேர்த்து இன்னொரு முறை கேட்கிறேன். ஒவ்வொரு விடைக்கும் எதிரே, பயனுள்ள முதல் இணைப்பு எத்தனையாவது வரியில் வந்தது என்ற ஒரே எண்ணை எழுதினால் போதும்.

விடையையே எழுதித் தரும் கருவிகள்

இணைப்புகளைப் பட்டியலிடாமல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விடையையே பத்தியாக எழுதித் தரும் பெர்ப்ளெக்ஸிட்டி போன்றவற்றுக்கும், கூகுள் முடிவுகளுக்கு மேலே வரும் சுருக்கத்துக்கும், மேற்சொன்ன கேள்விகளோடு, சிக்கவைக்கும் கேள்வி ஒன்றும் வேண்டும். நான் கேட்பது: ‘கடலூர் மெட்ரோ ரயில் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?’ கடலூரில் மெட்ரோ ரயில் கிடையாது. அப்படி ஒன்றில்லை என்று சொல்லும் கருவியோடு மேலும் பேசலாம். ஆண்டையும் நிலையங்களின் பெயர்களையும் அடுக்கிக்கொண்டு போகும் கருவி, உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளிலும் அதையேதான் செய்யும்.

அடுத்து, விடைக்குக் கீழே கொடுக்கப்படும் மூல இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விடையில் உள்ள எண்ணோ பெயரோ அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இணைப்பு இருப்பதாலேயே ஆதாரம் இருப்பதாக ஆகிவிடாது. தலைப்பு பொருந்தி, உள்ளே அந்தச் செய்தியே இல்லாத பக்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதே கேள்வியைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் கேட்பதும் அவசியம். இரண்டு மொழிகளிலும் விடை மாறுபட்டால், எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்த பிறகே ஒன்றை ஏற்கலாம். சுருக்கமே வேண்டாம், இணைப்புகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு, 2024 மே மாதத்தில் கூகுள் சேர்த்த ‘வெப்’ என்ற வடிகட்டி முடிவுகளுக்கு மேலே உள்ள வரிசையில் கிடைக்கும். இதற்கென ஒரு நீட்சியும் நிறுவ வேண்டியதில்லை.

உலாவியையே நமக்குப் பதிலாக இயக்கி, பக்கம் திறந்து, படிவம் நிரப்பி, பொருள் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் வகைக் கருவிகளில்தான் நான் மிகவும் தயங்குகிறேன். ஒரு பக்கத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து எழுதப்பட்ட கட்டளையை, அது நாம் சொன்ன கட்டளை என்று எண்ணி அந்த முகவர் நிறைவேற்றிவிடக்கூடும். ‘காமெட்’ உலாவியில் இந்தப் பலவீனத்தை 2025இல் பிரேவ் நிறுவன ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள். சோதித்தே தீர வேண்டுமென்றால், எந்தக் கணக்கும் திறந்திராத சுயவிவரத்தில், பணம் தொடர்பில்லாத வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

அகற்றும்போது

ஒரு நேரத்தில் ஒரே நீட்சியை மட்டும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு சேர்ந்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வேண்டாம் என்று முடிவானதும் நீட்சியை நீக்குவதோடு வேலை முடிவதில்லை. இயல்புத் தேடுபொறி, தொடக்கப் பக்கம், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் திறந்து சரிபாருங்கள். ‘கூகுள் கணக்கு வழியாக நுழையவும்’ என்ற பொத்தானை எங்காவது அழுத்தியிருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பிற செயலிகளுக்குத் தந்த அணுகலையும் துண்டிக்க வேண்டும். நீட்சி போனாலும் அந்த அணுகல் தானாகப் போவதில்லை.

பிடித்துப்போன கருவியிலும் உங்கள் குறிப்புகளையும் சேமித்த தேடல்களையும் அதற்குள் மட்டுமே வைக்காதீர்கள். 2008இல் பெரும் ஆரவாரத்தோடு வந்த ‘கூல்’ தேடுபொறி 2010இல் மறைந்தது. ஜெர்மனியின் ‘கிளிக்ஸ்’ 2020இலும், கூகுளின் முன்னாள் அதிகாரிகள் தொடங்கிய ‘நீவா’ 2023இலும் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் பிங் தன் தேடல் முடிவுகளைப் பிற நிரல்களுக்கு வழங்கிவந்த பொது வாயிலை மூடியபோது, அதை நம்பியிருந்த சிறு கருவிகள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முக்கியமான பக்கங்களை எழுத்துக் கோப்பாகவோ பிடிஎஃப்பாகவோ உங்கள் கணினியில் இறக்கி வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தேறிய நீட்சியை வழக்கமான சுயவிவரத்துக்குக் கொண்டுபோகும் நாளில், அதன் பெயர், பதிப்பு எண், உருவாக்கியவராகக் காட்டப்படும் பெயர், கொடுத்த அனுமதிகள் ஆகிய நான்கையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீட்சிகள் பக்கத்தைத் திறந்து அந்த நான்கோடும் ஒப்பிட்டு, உருவாக்கியவரின் பெயர் மாறியிருந்தால் நீட்சியை அன்றே முடக்கிவிட்டு, பழையபடி ஆரஞ்சுச் சாளரத்தில் முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.